ஆண்டாளம்மாவின் மகன்

“விளையாட்டு சோறு போடுமா?” என்னும் கேள்வி நம் இல்லங்களில் அடிக்கடி எழுவதுண்டு. தறியை நம்பி வாழும் பொதட்டூர்பேட்டை போன்ற ஊர்களின் பெற்றோர் இவ்வாறு கேட்பதில் வியப்பில்லை. ஆயினும் கொடிய வறுமையிலும் தம் மைந்தரை மைதானத்திற்கு அனுப்பிய தமிழ்த்தாய் ஒருவரைப் பற்றி இங்கு எழுத விழைகிறோம்.

மகாராஷ்டிரத்தில் புனே நகரை அடுத்துள்ளது கட்கி. அங்குள்ள படைக்கலத் தொழிற்சாலைக் குடியிருப்பின் மைதானத்தைப் பராமரித்து வந்தவர் நாகலிங்கம் என்னும் தமிழர். அவருடைய துணைவியார் ஆண்டாளம்மா. இவர்களுடைய மகனாக 1968ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் பிறந்தவரே ஹாக்கி வீரர் தன்ராஜ் பிள்ளை.

வீட்டில் ஐந்து ஆண்பிள்ளைகள். புது மட்டை வாங்கப் பொருளில்லை. முறிந்த மட்டைகளைக் கொண்டும், பிறர் கழித்த பந்துகளைக் கொண்டும் சேற்று நிலத்தில் அவர்கள் ஆடினர். அன்னையோ ஐவரையும் ஆடுமாறு ஊக்கினார். அண்ணன் ரமேஷ் நாட்டுக்காக ஆடும் நிலைக்கு உயர்ந்து, தம்பியையும் மும்பைக்கு அழைத்துக்கொண்டார்.

1989ஆம் ஆண்டு இந்திய அணியில் இடம்பெற்ற தன்ராஜ், 2004 வரை முன்னணி ஆட்டக்காரராக விளங்கினார். தொலைவிலிருந்து வரும் பந்தை ஓட்டம் தளராமலே மட்டையில் ஏந்தி, காவலர்களைக் கடந்து இலக்கை நோக்கிப் பாய்வது அவருடைய தனித்திறம். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஆடிய பெருமை அவருக்குண்டு. 1998இல் பாங்காக்கில் அவர் தலைமையிலான அணி, 32 ஆண்டுகளுக்குப்பின் ஆசியத் தங்கத்தை மீட்டது. அதன்பின் விரைவிலேயே அவரும் மூத்த வீரர் சிலரும் அணியில் இடம் இழந்தனர். ஓய்வு தரப்பட்டதாக விளக்கம் கூறப்பட்டது. மனம் தளராது மீண்டு வந்தவர், 2003இல் ஆசியக் கோப்பையையும் தலைவராக வென்று தந்தார். கேல் ரத்னா விருதும் அவரை நாடி வந்தது.

ஆனால் ஒலிம்பிக் பதக்கம் மட்டும் கிட்டவில்லை. 2000ஆம் ஆண்டு சிட்னியில் போலந்தை வென்றால் அரையிறுதி என்ற நிலை. முன்னிலையில் இருந்த இந்தியா, ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கோல் வாங்கிச் சமன் செய்தது. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை.

அவருடைய வாழ்க்கை வரலாறு 2007இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ‘அம்மா, என்னை மன்னித்துவிடு’ என்பதே அதன் தலைப்பின் பொருள்.

பதினைந்து ஆண்டுகள் நாட்டுக்காக ஓடிய மகனிடம் மன்னிக்க என்ன குற்றம் உண்டு? மதிப்பெண்ணையும் பதக்கத்தையும் மட்டுமே அளவுகோலாகக் கொள்ளும் பெற்றோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக. ஆண்டாளம்மா தம் மக்களை ஆடவிட்ட நாளில், பதக்கம் உறுதி என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. மாலையில் பிள்ளை மட்டையுடனோ பந்துடனோ வாயிற்படி தாண்டும்போது, அவனைத் தடுக்குமுன் அத்தாயை ஒருகணம் நினைவுகூருங்கள்.