கேட்டு வாங்குவோம் – 9: யாரிடம் கேட்பது?

வாங்கி நாலே நாளில் மிக்ஸி ஜார் ஒழுகுகிறது. பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறோம். வாசலருகே நிற்கும் பெண்ணிடம் ஆரம்பித்து, கேஷ் கவுன்டர் பையனிடம் குரலை உயர்த்துகிறோம். பொருளை மாற்றித் தரும் அதிகாரம் இருவருக்கும் கிடையாது. மேலாளர் வந்து சேர்வதற்குள் நம் பொறுமை தீர்ந்துவிடுகிறது.

அந்தப் பெண் காலையிலிருந்து நின்றுகொண்டிருப்பவள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. அவளைத் திட்டுவது அநியாயம். அதனால் பயனும் இல்லை. "ஃப்ளோர் மேனேஜரைக் கொஞ்சம் கூப்பிடுறியாம்மா?" என்று கேட்டால் போதும். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் போகாதீர்கள். வேலைநாளில், கடை திறந்த கொஞ்ச நேரத்தில் போனால் காது கொடுத்துக் கேட்பார்கள்.

அவரிடம் சுற்றி வளைக்க வேண்டாம். "சார், போன புதன்கிழமை வாங்கினது. ஜார் ஒழுகுது. வேற ஜார் மாத்திக் கொடுங்க." இவ்வளவுதான். என்ன வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால், "சர்வீஸ் சென்டருக்குப் போங்க" என்று அவர் முடிவு செய்துவிடுவார்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டுவார்கள். அதைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணம் தர மறுப்பது, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகச் செயல். பில்லில் காலக்கெடு போட்டிருந்தால் அதற்குள் தர வேண்டும். போடாவிட்டால் 30 நாளுக்குள். பில்லே தராமல் விடுவதும் அதே சட்டப்படி முறையற்ற வணிகச் செயல்தான். ஆனால் புடவையின் நிறம் வீட்டில் பிடிக்கவில்லை என்றால் அது பொருளின் குறை அல்ல. மாற்றிக் கொடுப்பது கடையின் தயவு. அதைத் தயவாகத்தான் கேட்க வேண்டும்.

பில் இல்லாமல் எதுவும் நடக்காது. வழுவழுப்பான அந்தத் தாளில் வரும் எழுத்து, பீரோவில் பத்திரமாக வைத்தாலும் சில மாதங்களில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே செல்போனில் படம் எடுங்கள். ஒரு ஜெராக்ஸும் இருக்கட்டும்.

பேச்சில் முடியாவிட்டால் அங்கேயே ஒரு வெள்ளைத்தாளில் எழுதுங்கள்: பில் எண், தேதி, குறை, நாம் கேட்பது, எந்தத் தேதிக்குள் என்பது. நகலில் கடை முத்திரையும் கையெழுத்தும் கேளுங்கள். அதுவரை அலட்சியமாகப் பேசியவர்கூட, முத்திரை குத்தச் சொன்னதும் முதலாளிக்குப் போன் போடுவார். கையெழுத்துப் போட மறுத்தால், கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை; புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டு அவகாசம் உண்டு.

சின்னத் தொகைக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: சண்டிகரில் காலணி வாங்கிய ஒருவரிடம் காகிதப் பைக்கு 3 ரூபாய் வாங்கினார்கள். அவர் வழக்குப் போட்டார். 2019-இல் நுகர்வோர் மன்றம் அந்த 3 ரூபாயைத் திருப்பித் தரச் சொன்னது. கூடவே 3,000 ரூபாய் இழப்பீடும், வழக்குச் செலவுக்கு 1,000 ரூபாயும்.