கல்மண்டபத்துக் குடிக்கூலி

ராயபுரம் கல்மண்டபத்தில் வாடகைக்கு இடந்தேடிப் புறப்படும் ஏழைக் குடித்தனக்காரர் முதலிற் காண்பது வீட்டையன்று, முன்பணத்தையே. பத்து மாதக் குடிக்கூலியை அட்வான்ஸ் என்று சேர்த்துக் கொணர்ந்து வைத்தாலன்றிக் கதவு திறவாதென்பது சென்னை நகரத்தில் நெடுநாளாக வேரூன்றிய வழக்கம். அதற்குமேல் தரகருக்கு ஒரு மாதக் கூலி. குடிபுகுந்த பின்னரோ மின்சாரக் கணக்கு. வீட்டு உபயோகத்திற்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட்டை இலவசமாக அளிக்கும் ஏற்பாட்டைச் சர்க்கார் 2016-ஆம் ஆண்டிற் செய்தது. ஒரே இணைப்பின்கீழ் நான்கு குடித்தனங்களுக்குத் துணை மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவென்று தம் மனம்போல் விலை விதிக்கும் வீட்டுக்காரரிடத்தில் அவ்விலவசம் வாயிற்படியோடு நின்றுவிடுகிறது. இவையெல்லாம் சில்லறை விஷயங்களென்று சிலர் கூறலாம். சம்பளத்தில் மூன்றிலொரு பங்கைக் குடிக்கூலிக்கே கொடுக்கும் குடும்பத்திற்குச் சில்லறை விஷயம் என்பதொன்றில்லை.

நாம் இன்று ஆராயப் புகுந்தது இவற்றின் மூலத்தை. தாம் குடியிருப்பதற்கன்று, வாடகைக்கு விடுவதற்கென்றே, பாங்கியிற் கடன் பெற்று இரண்டாவது வீடும் மூன்றாவது வீடும் வாங்கிப் போடும் வழக்கம் நம் மத்தியதர வகுப்பாரிடையே பரவியிருக்கிறது. இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டில் இதற்கெனக் கடன் ஸ்தாபனங்கள் தனித் திட்டமே வகுத்தன. இங்கு அவ்வாறு பெயரிட்டு அழைப்பதில்லையாயினும் காரியம் ஒன்றே. இது தர்மத்திற்கு ஒத்ததா என்பதே கேள்வி.

வாடகைக்கு விடுவோர் யாவரும் ஒரு தரத்தினரல்லர் என்பதை முதலிற் சொல்லிவிடவேண்டும். கணவர் துறைமுகத்தில் உழைத்துச் சேர்த்துவைத்த பணத்தைக்கொண்டு மாடிமேல் ஓர் அறை எழுப்பி, அதன் வாடகையில் ஜீவனம் செய்யும் விதவையை எவரும் குறைகூறார். அவர் ஊரில் இல்லாதிருந்த ஓர் அறையை உண்டாக்கியவர். வெற்று நிலத்திற் புதிதாகக் கட்டி வாடகைக்கு விடுவோரும் அவ்வாறே. கட்டிமுடிந்து விற்பனைக்கு நிற்கும் வீட்டை, அதிற் குடியேற விரும்பும் தொழிலாளியோடு போட்டியிட்டு அதிக விலை கொடுத்து வாங்கி, பின்பு அத்தொழிலாளிக்கே வாடகைக்கு விடுகிறாரே, அவர் எதை உண்டாக்கினார்? வீடுகளின் எண்ணிக்கை ஒன்றுகூட ஏறவில்லை. சொந்தக்காரராக வேண்டியவர் குடிக்கூலிக்காரரானார், அவ்வளவே.

இதன் கணக்கையும் பார்ப்போம். உதாரணமாக, ஒருவர் 60 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய வீட்டிற்கு மாதம் 18,000 ரூபாய் வாடகை வருகிறதென்று கொள்வோம். ஆண்டிற்கு 2,16,000 ரூபாய். அதாவது முதலுக்கு நூற்றுக்கு 3.6 வீதம். பாங்கி வீட்டுக் கடனுக்கு வாங்கும் வட்டி ஏறத்தாழ இதன் இருமடங்கு. புத்தியுள்ள எவரும் நஷ்டத்திற்கு வியாபாரம் செய்யார். ஆகவே அவர் எதிர்பார்ப்பது வாடகையையன்று, மனையின் விலையேற்றத்தையே. குடியிருப்பவர் அவருடைய வீட்டிற்குச் சம்பளமில்லாத, போதாக்குறைக்குப் பணமுங்கொடுக்கும், காவற்காரர்.

அவ்விலையேற்றத்தை உண்டாக்குபவர் யார்? வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 9 கிலோமீட்டர் மெட்ரோ ரயில் பாதை 14-2-2021 அன்று திறக்கப்பட்டது. அதற்கான செலவு சுமார் 3,770 கோடி ரூபாய், பொதுஜனங்களின் பணம். தண்டையார்பேட்டையிலும் காலடிப்பேட்டையிலும் நிலையங்கள் எழுந்தவுடன், ‘மெட்ரோவுக்கு அருகில்’ என்னும் இரண்டு சொற்கள் வீட்டு விளம்பரங்களில் ஏறிக்கொண்டன. பாதை போட்டவர் வீட்டுக்காரரல்லர். கடையில் வாங்கும் சோப்புக்கும் பல்பொடிக்கும் வரி செலுத்தும் குடித்தனக்காரரும் அச்செலவிற்குப் பங்காளி. அவருடைய பங்கிற்குக் கிடைத்த பலன், அடுத்த ஆண்டு ஏறிய வாடகை. அமெரிக்க அறிஞர் ஹென்றி ஜார்ஜ் 1879-ஆம் ஆண்டில் எழுதிய பொருளாதார நூலில் வற்புறுத்திய விஷயமும் இதுவே: நிலத்தின் மதிப்பைச் சமூகம் உயர்த்துகிறது, உடையவர் அதனை எடுத்துக்கொள்கிறார்.

விலையேற்றமே நோக்கமாகும்பொழுது வீட்டைப் பூட்டிவைப்பதும் இலாபமாகிவிடுகிறது. 2011-ஆம் ஆண்டு ஜனக்கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் காலியாகக் கிடந்த வீடுகள் சுமார் 1 கோடியே 10 லட்சம். மறு ஆண்டு மத்திய சர்க்கார் நியமித்த நிபுணர் குழு கணக்கிட்ட நகரப்புற வீட்டுப் பற்றாக்குறை சுமார் 1 கோடியே 88 லட்சம். அப்பற்றாக்குறையில் நூற்றுக்கு 95 பங்கிற்கு மேல் ஏழைகளையும் குறைந்த வருமானமுள்ளோரையும் சார்ந்தது. காலி வீடுகள் அனைத்தும் முதலீட்டாளருடையவை என்று நாம் சாதிக்கவில்லை. பாகப்பிரிவினை வழக்கிற் கிடப்பனவும் உண்டு, இடிந்தனவும் உண்டு. ஆயினும் இவ்விரண்டு தொகைகளும் ஒரே தேசத்தில் ஒரே காலத்தில் இருந்தன என்பதே போதும்.

வாடகை கட்டாதெனின் தூரத்திற் போய்க் குடியிருக்கலாமே என்று உபதேசிக்கும் கனவான்களுக்கு வடசென்னையின் உழைப்பு தெரியாது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ஆம் ஆண்டு ராயபுரத்திலிருந்து புறப்பட்ட காலந்தொட்டு இப்பகுதியார் வேலையை ஒட்டியே வசித்துவந்திருக்கின்றனர். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் பொழுது விடிவதற்கு முன் நடக்கிறது. கூடையுடன் அங்கே நிற்கவேண்டிய பெண்மணி பெரும்பாக்கத்திலிருந்து எந்த பஸ்ஸில் வருவார்? நகரின் தென்கோடியில் கண்ணகி நகர் முதலிய இடங்களிற் குடியேற்றப்பட்டவர்களில் பலர் வீடு கிடைத்து வேலை இழந்த கதை இதுதான்.

சட்டம் என்ன செய்கிறது? யுத்தகாலத்து நெருக்கடியை ஒட்டிச் சென்னை மாகாணத்தில் 1946-ஆம் ஆண்டிலும், பின்னர் 1949-ஆம் ஆண்டிலும், அதன்பின் 1960-ஆம் ஆண்டிலும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் இயற்றப்பட்டன. கடைசியிற் கூறியது நியாய வாடகை நிர்ணயிக்க வழிசெய்தது. ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாதென்றும் விதித்தது. அச்சட்டத்தால் வீட்டுக்காரர் பட்ட துன்பத்தையும் மறைப்பது நியாயமன்று. தகப்பனார் காலத்து வாடகையைப் பேரன் காலத்திலும் வாங்கிக்கொண்டு, சொந்த வீட்டைத் திரும்பப் பெற நியாயஸ்தலப் படிகளில் ஆயுளைக் கழித்தவர்கள் உண்டு. கட்டுப்பாட்டிற்கு அஞ்சி வீட்டைப் பூட்டி வைத்தவர்களும் உண்டு. அதன் பரிகாரமாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 22-2-2019 முதல் அமலுக்கு வந்தது. இதன்படி வாடகை இருதரப்பாரும் ஒப்புக்கொண்டபடி. ஒப்பந்தம் எழுத்து மூலமாயிருத்தல் வேண்டும். அதனை டிப்டி கலெக்டர் தரத்திற்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தல் வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. மிகவும் நன்று. ஆனால் அவ்விதியின் தலைப்பில், ‘மாறான உடன்பாடு இருந்தாலன்றி’ என்னும் பொருள்பட ஒரு தொடர் அமர்ந்திருக்கிறது. வீடில்லாதவர் வீடுடையவரிடம் எதற்குத்தான் உடன்படமாட்டார்? பத்து மாத முன்பணம் கல்மண்டபத்தில் இன்றும் வாழ்வது அத்தொடரின் நிழலிலே.

இதனினும் அபாயமான ஒன்று ‘லீஸ்’ என்று வடசென்னையில் வழங்கும் போக்கிய முறை. மாத வாடகை கிடையாது. சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்து இரண்டு மூன்று ஆண்டுகள் குடியிருந்து, வெளியேறும்பொழுது முதலைத் திரும்பப் பெறவேண்டும். அத்தொகை நகை அடகிலும் சீட்டிலும் திரட்டியது. வீட்டுக்காரர் அதனை அடுத்த வீட்டிற்கு முன்பணமாகச் செலுத்திவிடுகிறார். அவர் பாங்கிக் கடனைத் தவறவிட்டால் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீடு ஏலத்திற்கு வருகிறது. ஓராண்டிற்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரம் பதிவு செய்யப்படவேண்டுமென்று 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் கூறியிருக்க, வெள்ளைத் தாளிலோ இருபது ரூபாய் முத்திரைத் தாளிலோ எழுதிக்கொண்ட குடித்தனக்காரர், பாங்கியின்முன் வெறுங்கையராக நிற்கிறார். பதிவுச் செலவை மிச்சம்பிடிக்க இருவரும் கூடிச் செய்த சிக்கனம் ஒருவரை மாத்திரம் அழிக்கிறது.

துறைமுகத் தொழிலாளர் நகரமொன்றின் சரித்திரம் இங்கு நினைவிற்கு வருகிறது. 1915-ஆம் ஆண்டில் யுத்த வேலைக்காக ஜனங்கள் கிளாஸ்கோ நகரத்திற் குவிந்தபொழுது வீட்டுக்காரர்கள் வாடகையை உயர்த்தினர். கப்பல் கட்டும் தொழிலாளரின் மனைவிமார் மேரி பார்பர் அம்மையாரின் தலைமையில், உயர்த்திய வாடகையைக் கொடுக்க மறுத்தனர். வெளியேற்ற வந்த சேவகர்களைத் தெருவிலேயே மறித்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் பிரிட்டிஷ் பார்லிமெண்டு வாடகையைக் கட்டுப்படுத்திச் சட்டஞ்செய்தது. அச்சட்டம் வீட்டடமான வட்டியையும் சேர்த்தே கட்டுப்படுத்தியது. வீட்டுக்காரரின் பளுவையும் உணர்ந்த சட்டம் அது.

சிங்கப்பூர் வேறு வழி கண்டது. அங்குப் பிரஜை ஒருவர் முதல் வீடு வாங்கினால் மேல்வரி இல்லை. இரண்டாம் வீட்டிற்கு 2023 ஏப்ரல் முதல் நூற்றுக்கு 20, மூன்றாவதற்கு 30. தமிழ்நாட்டிலோ முதல் வீடு வாங்கும் மீனவருக்கும் ஐந்தாம் வீடு வாங்கும் முதலாளிக்கும் முத்திரைத் தீர்வை விகிதம் ஒன்றே. வருமான வரியிலும், வாடகையில் நூற்றுக்கு 30 பங்கை, வீட்டைப் பழுதுபார்த்தாலும் பாராவிட்டாலும், கழித்துக்கொள்ளலாம். கடன் வட்டிக்கும் கழிவுண்டு. வாடகை கொடுப்பவரில் மாதச் சம்பளக்காரர் சிலரைத் தவிர மற்றவர் பெரும்பாலோர்க்கு இத்தகைய சலுகையின் வாசனைகூட எட்டுவதில்லை.

சொத்துடையார் அதற்குத் தர்மகர்த்தாக்களே என்று காந்தியடிகள் போதித்தார். அப்போதனையைப் படத்திற்கு மாலை சூட்டும் நாளோடு நிறுத்திக்கொண்ட வீட்டுக்காரர்கள், சாதியையும் மதத்தையும் சமையலறையையும் விசாரித்துவிட்டே சாவியைக் கொடுக்கின்றனர். அவர்களைப் பிரசங்கத்தால் திருத்தலாமென்னும் நம்பிக்கை நமக்கில்லை. இரண்டாம் வீட்டிற்குத் தீர்வையை உயர்த்தி, அத்தொகையைக்கொண்டு திருவொற்றியூர், ராயபுரம் பகுதிகளிலேயே சர்க்கார் வாடகை வீடுகள் கட்டட்டும். 27-12-2021 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகளோடு சரிந்து விழுந்த வாரியக் கட்டிடத்தைப் போலன்றி, நிற்கும்படி கட்டட்டும். அதற்குப் பணமும் காலமும் வேண்டுமென்று மந்திரிகள் சொல்வார்களாயின், முன்பண விதியின் தலைப்பிலுள்ள அந்தத் தொடரை நீக்கும் திருத்த மசோதாவை அடுத்த சட்டசபைக் கூட்டத்திலேயே கொண்டுவரலாம். அதற்கு வேண்டுவது ஒரு தாளும் ஒரு பேனாவுமே.