அன்னாசி ஊரில் இரண்டு நாள்

பிரான்ஸ் நாட்டில் இளவேனில் பிறந்ததும் நண்பர்கள் கூட்டமாக ஒரு காரில் ஏறித் திராட்சைத் தோட்டங்களுக்குக் கிளம்பிவிடுவார்கள். அல்சாஸ் பகுதியில் இதற்கென்றே 1953இல் ஒரு 'ஒயின் பாதை' திறந்தார்கள். ஊர் ஊராக நின்று, விளைவிப்பவர் வீட்டு வாசலிலேயே சுவைத்துப் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகலாம். படிக்கும்போது நமக்கும் ஆசை வரும், விமான டிக்கெட் விலையைப் பார்த்ததும் அடங்கிவிடும். ஆனால் விளைச்சலின் பெயரையே ஊர்ப்பெயராக வைத்துக்கொண்ட இடம் நம் ஜொகூரிலேயே இருக்கிறதே! பெக்கான் நானாஸ் என்றால் அன்னாசிப் பட்டணம்.

ஜொகூர் பாருவிலிருந்து ஸ்கூடாய் வழியாகப் பொந்தியான் சாலையைப் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். 'நமக்கு ஏது இளவேனில்?' என்று கேட்பீர்கள். சீனப் பெருநாளுக்கு 'வசந்த விழா' என்றொரு பெயர் உண்டு. ஹொக்கியன் மொழியில் அன்னாசி 'ஓங் லாய்'. 'செல்வம் வருகிறது' என்பதும் அதே ஒலிதான். அதனால் பெருநாளுக்கு முந்திய வாரங்களில் ஜொகூர் அன்னாசிக்குக் கிராக்கி ஏறும். ஊரைப் பார்க்க அதுவே சரியான காலம். நாங்கள் ஐந்து நண்பர்கள் கிள்ளானிலிருந்து கிளம்பியதும் அப்போதுதான்.

சாலையோரக் கடையில் பழம் வாங்கப் போய்ப் பேச்சுக் கொடுத்ததில், கடைக்காரர் தன் தோட்டத்துக்கே எங்களைக் கூட்டிப்போனார். அறுபதைத் தாண்டிய சீனப் பெரியவர். மலாயும் கொஞ்சம் தமிழும் கலந்து பேசுகிறார். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அங்கிள், எல்லாப் பழமும் பெருநாளுக்கென்று எப்படி ஒன்றாகப் பழுக்கிறது?"

அன்னாசியைத் தன்போக்கில் விட்டால் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதத்தில் பூக்கும். அதனால் எத்திபோன் என்ற மருந்தைத் தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு செடியின் குருத்திலும் ஊற்றுகிறார்கள். அன்றிலிருந்து பழம் அறுக்க ஏறத்தாழ ஐந்து மாதம். பிப்ரவரியில் பெருநாள் என்றால் செப்டம்பரிலேயே கணக்குப் போட வேண்டும். பெருநாள் தேதியோ ஆண்டுக்கு ஆண்டு மாறும். இரண்டு வாரம் பிந்தினால் ஓங் லாய் விலைக்குப் போக வேண்டிய பழம் சாதாரணப் பழமாகச் சந்தையில் குவிந்து கிடக்கும். மழை கூடினாலும் கணக்குத் தப்பும். பிரான்சில் திராட்சை துளிர்விடும் ஏப்ரலில் உறைபனி விழுந்தால், விவசாயிகள் இரவெல்லாம் தோட்டத்தில் பெரிய மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்துக் காவல் இருப்பார்கள். 2021இல் அப்படியும் பெரும் நட்டம். பயிர் எதுவானாலும் விவசாயியின் தூக்கம் ஒன்றுதான் போலும்.

தோட்டத்து மண்ணில் கால் வைத்தால் மெத்தைபோல் அமுங்குகிறது. மலாயில் இதைத் 'தானா கம்பூட்' என்பார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கிய மரமும் இலையும் சேர்ந்த கறுப்புச் சதுப்பு மண். புளிப்பு மிகுந்த இந்த மண்ணில் பல பயிர்கள் பிழைக்காது, அன்னாசி பிழைக்கும். ஆனால் நீரை வடித்தால் மண் ஆண்டுதோறும் தாழும். வறட்சியில் தீப்பிடித்தால் மண்ணுக்கு அடியிலேயே நாட்கணக்கில் புகையும். 'சிகரெட்டை அணைத்துவிட்டு வா' என்று பெரியவர் எங்கள் நண்பரை அதட்டியது சும்மா இல்லை.

மலாயாவில் அன்னாசியை டின்னில் அடைக்கத் தொடங்கியது 1888இல். ரப்பர்க் கன்று பால் கொடுக்க ஆறேழு ஆண்டு ஆகும். அதுவரை கையில் காசு புரள மரங்களுக்கிடையே அன்னாசி நட்டார்கள். 1931இல் லீ கொங் சியான் அன்னாசிக்கென்றே தனி நிறுவனம் தொடங்கினார். போருக்கு முன்பு டின் அன்னாசி ஏற்றுமதியில் ஹவாய்க்கு அடுத்த இடத்தில் மலாயா இருந்தது.

அந்தப் பெருமையில் நம்மவர் கைக்கீறலும் உண்டு. எங்களில் ஒருவரின் தாயார் சிறுவயதில் அன்னாசித் தோட்டத்தில் வேலை செய்தவர். முள் இலை கிழிக்காமலிருக்க, பழைய காலுறையை முழங்கை வரை இழுத்துக் கட்டிக்கொண்டு பழம் அறுப்பாராம். இன்றுவரை அவர் வீட்டில் அன்னாசி வாங்குவதில்லை. நண்பர் மட்டும் அன்று நாலு துண்டு தின்றார், அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்று எங்களிடம் கேட்டுக்கொண்டு!

ஊரில் அன்னாசி அருங்காட்சியகம் ஒன்றும் உள்ளது. பிள்ளைகளோடு போகிறவர்கள் தவறவிட வேண்டாம். நாம் பழம் என்று நினைப்பது நூற்றுக்கு மேற்பட்ட பூக்கள் ஒட்டி வளர்ந்த கூட்டம் என்பதைச் சொன்னால், ஒவ்வொரு கண்ணையும் எண்ணிப் பார்ப்பார்கள். மார்டி 1996இல் வெளியிட்ட ஜோசபின் ரகத்தின் பெயருக்குக் காரணம் கேட்டால் சிரிப்பு வரும். ஜொகூரின் 'ஜோ', சரவாக்கின் 'ச', பைனாப்பிளின் 'பைன்'. யாரோ ஒரு பெண்ணின் பெயர் என்றே பல நாள் நினைத்திருந்தோம்.

மாலையில் பெரியவர் வேலியைக் காட்டினார். அந்தப் பக்கம் முழுக்கச் செம்பனை. ஒருமுறை நட்டால் இருபத்தைந்து ஆண்டு ஓடும், குருத்துக் குருத்தாக மருந்து ஊற்ற வேண்டாம். அவருடைய மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார், மாதம் ஒருமுறை வருகிறார். 'இந்த அறுவடை முடிந்ததும் நீயும் செம்பனையே போடு' என்று அண்டைத் தோட்டக்காரர் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். "நீங்கள் என்ன முடிவு செய்தீர்கள்?" என்று கேட்டோம். பதில் சொல்லவில்லை. கன்றுக்கு ஒதுக்கி வைத்த பக்கக் குருத்துகளைத் தார்ப்பாயால் மூடினார்.

இரண்டாம் நாள் பொந்தியானில் வான்தான் மீ, குக்குப்பில் கடல்மேல் கால் நட்ட வீடுகள், பிறகு தஞ்சோங் பியாய். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி அது. கண்டல் காட்டுக்குள் பலகைப் பாதையில் நடக்கலாம், கொசு மருந்து அவசியம்.

பழம் வாங்கும்போது அடிப்பக்கத்தை முகர்ந்து பாருங்கள். வாசம் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். அறுத்த பிறகு அன்னாசியில் இனிப்பு ஏறாது. வீட்டில் வைத்தால் நிறம்தான் மாறும். கொண்டையை எறிய வேண்டாம், அடி இலைகளைக் கழற்றி இரண்டு நாள் காயவிட்டுத் தொட்டியில் ஊன்றினால் முளைக்கும்.