பழைய படகுக்குப் புதிய எரிபொருள் தொட்டி

பழவேற்காட்டு ஏரிக்கரையில் கட்டியிருக்கும் படகு கடலுக்குச் செல்ல வேண்டுமானால் முகத்துவாரத்தைத் தாண்டியாக வேண்டும். மணல் சேர்ந்து ஆழம் குறையும் இடம் அது. ஆழம் குறைந்த இடத்தில் அலை எழும்பி உடைகிறது. அங்கே எஞ்சின் நின்றுவிட்டால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். அடுத்த அலை அதைக் கவிழ்த்துவிடக்கூடும். ஏரிக்குள் தடங்கலின்றி ஓடிவந்த எஞ்சின் இந்த இடத்துக்கு வந்ததும் ஏன் திணறி நிற்கிறது? பல வேளைகளில் கோளாறு எஞ்சினில் இருப்பதில்லை. எரிபொருள் தொட்டியின் அடியில் இருக்கிறது.

2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் தமிழகக் கடற்கரைக் குப்பங்களுக்குக் கண்ணாடியிழைப் படகுகள் ஏராளமாக வந்து சேர்ந்தன. ‘பைபர் போட்’ என்றால் குப்பத்தில் எல்லாருக்கும் தெரியும். இதன் உடலில் விரிசல் கண்டால் கண்ணாடியிழைப் பாயும் பிசினும் இட்டு ஒட்டிப் புதுப்பித்துவிடலாம். ஆனால் பழைய டீசல் தொட்டியைத் துடைத்து மறுபடியும் அதையே மாட்டினால், நோய் உள்ளேயே தங்கிவிடும்.

அந்த நோயின் பெயர் தண்ணீர். ஒரு லிட்டர் டீசலின் எடை சுமார் 830 கிராம். நீரின் எடை 1000 கிராம். கடல் நீர் இன்னும் சற்றுக் கனம். ஆகவே தொட்டிக்குள் புகும் நீர் அடியில் போய்ப் படிந்துவிடுகிறது.

இந்த நீர் எங்கிருந்து வருகிறது? இரவுக் குளிரில் தொட்டிக்குள் இருக்கும் காற்றின் ஈரம் வேர்த்து வடிவதாகப் பலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 லிட்டர் தொட்டி பாதி காலி என்றால் உள்ளே 25 லிட்டர் காற்று இருக்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 25 டிகிரியில் 23 கிராம்தான். எனவே ஓர் இரவில் வடியும் நீர் கால் கிராமுக்கும் குறைவு, நாலைந்து சொட்டு. 300 இரவுகளுக்கும் சேர்த்தால்கூட ஒரு சிறு கிண்ணம் நிரம்பாது. உண்மையான குற்றவாளிகள் நைந்துபோன மூடி வளையமும், அலைத் தெறிப்பு எட்டும் உயரத்தில் வைத்த காற்றுக் குழாயும், மழையில் திறந்து கிடந்த கேனும்தான்.

நீர் சும்மாவும் இருப்பதில்லை. நீரும் எண்ணெயும் சந்திக்கும் கோட்டில் பூசணமும் நுண்ணுயிர்களும் வளர்கின்றன. எண்ணெயே அவற்றுக்கு உணவு. விமான எரிபொருள் தொட்டிகளிலும் தொல்லை கொடுத்த இந்தப் பூசணத்துக்கு மண்ணெண்ணெய்ப் பூசணம் என்றே பெயர் உண்டு. இது சுரக்கும் அமிலம் தகரத்தை அரிக்கிறது. இதன் சளி வடிகட்டியை அடைக்கிறது. ஏரி அமைதியாக இருக்கும்வரை இச்சேறு அடியிலேயே கிடக்கும். முகத்துவாரத்தில் படகு தூக்கிப் போடப்படும்போது அத்தனையும் கலங்கி மேலெழுந்து எஞ்சினுக்குள் போகிறது.

ஆகவே புதிய தொட்டியை, ‘எப்படியும் நீர் புகும்’ என்று எண்ணியே செய்ய வேண்டும். அடித்தட்டு ஒரு மூலையை நோக்கிச் சரிந்திருக்கட்டும். அந்தப் பள்ளத்தில் ஒரு வடிகுழாய்த் திருகு வேண்டும். எஞ்சினுக்குப் போகும் குழாய் அடியிலிருந்து இரண்டு விரற்கடையாவது மேலே தொடங்க வேண்டும். ‘அடிச்சொட்டு டீசலும் வீணாகக் கூடாது’ என்று குழாயை அடிவரை இறக்குவது மிகத் தவறான சிக்கனம். பெட்ரோல் தொட்டியில் மட்டும் அடியில் துளை கூடாது, கசிந்தால் தீ. அதிலுள்ள நீரை மேலிருந்தே உறிஞ்சி எடுக்க வேண்டும்.

காற்றுக் குழாயை மறக்கலாகாது. டீசல் இறங்க இறங்க அதன் இடத்துக்குக் காற்று வராவிட்டால் வெற்றிடம் உண்டாகி எஞ்சின் பட்டினி கிடக்கும். குழாயை உயரமாக ஏற்றி, முனையை அன்னத்தின் கழுத்துப்போல் கீழ்நோக்கி வளைத்துவிட வேண்டும். தொட்டியை விளிம்புவரை நிரப்பவும் கூடாது. 50 லிட்டர் டீசல் 20 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ முக்கால் லிட்டருக்கு மேல் பெருகுகிறது.

எந்தப் பொருளில் செய்வது? நாகம் பூசிய தகடு துருப்பிடிக்காது என்று எண்ணுவோம். ஆனால் டீசலில் உள்ள அமிலங்கள் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்புப் போன்ற பசையாகி, டீசலைத் தெளிக்கும் நாசிலை அடைக்கின்றன. செம்பு, எண்ணெய் கெட்டுப்போவதை விரைவுபடுத்துகிறது. அலுமினியம் நல்லதே, ஆனால் பித்தளைத் திருகை நேராக அதில் பொருத்தினால், உப்பு ஈரம் பட்டதும் இரண்டும் ஒரு மின்கலமாகி அலுமினியம் கரையும். எரிபொருளுக்கென்றே வார்த்த தடித்த பாலித்தீன் தொட்டி சிறு படகுக்கு ஏற்றது என்பது என் கருத்து. எரிபொருளை உறிஞ்சி அது 2 சதவீதம் வரை உப்பும். 60 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குமேல் இடம் விட்டுப் பட்டையால் கட்ட வேண்டும். சமையல் எண்ணெய் வந்த கேனைத் தொட்டியாக்குவது வேண்டாம். வெயிலில் அது நொறுங்கிவிடும்.

தகட்டுத் தொட்டி செய்வித்தால், பொருத்துமுன் சோதிப்பது எப்படி? தொட்டி நிறைய நீர் ஊற்றி, மேல்வாயில் ஒரு குழாயை நட்டு, இரண்டு மீட்டர் உயரத்துக்கு நீரை நிறுத்துங்கள். அவ்வளவே போதும். இதன் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.2 கிலோதான், ஆனால் 60க்கு 40 சென்டிமீட்டர் உள்ள ஒரு பக்கத்தில் மொத்தம் 480 கிலோ விசை விழும்! பாஸ்கல் சொன்ன விதியின் வேலை இது. லாரி டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தின் அழுத்தம் இதைப்போல் 30 மடங்குக்கும் மேல். அதைக்கொண்டு சோதித்தால் தொட்டி குண்டுபோல் வெடிக்கும். சோதனை முடிந்ததும் நீரை வடித்து நன்கு உலர்த்துங்கள்.

கழற்றிய பழைய தொட்டியைப் பற்றியும் ஒரு சொல். அதை ஒட்டித் தரும்படி வெல்டிங் கடைக்கு அனுப்பாதீர்கள். 50 லிட்டர் தொட்டியின் காற்றை வெடிகலவையாக்க ஒரு தேக்கரண்டி பெட்ரோலின் ஆவியே போதும். டீசலும் சூடேறினால் ஆவியாகும். ‘காலியான’ தொட்டிதான் நிறைந்ததைவிட ஆபத்தானது.

புதிய தொட்டியை மாட்டியபின் நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. விடியற்காலையில், படகு ஆடாமல் இரவு முழுதும் நின்றிருந்த நிலையில், வடிகுழாயைத் திறந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் சிறிது பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். புட்டியின் அடியில் தனியாக ஒரு கோடு தெரிந்தால் அது நீர். கோடு மறையும்வரை வடித்துவிட்டு எஞ்சினைக் கிளப்பலாம். வடித்ததை ஏரியில் ஊற்றாமல் ஒரு டப்பாவில் சேர்த்துவையுங்கள். இறாலும் மீனும் அங்கேதான் வளர்கின்றன.