ஈஸ்ட்டுக்குள் எந்தப் புரதம் எந்தத் தெருவில்?

புதுக்கோட்டையில் வீடு தேடி அலைய வேண்டியதில்லை. திவான் சேஷையா சாஸ்திரி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரைத் திருத்தியமைத்தபோது தெருக்கள் கட்டம் போட்டதுபோல் அமைந்தன. கீழ 2ஆம் வீதி, வடக்கு 3ஆம் வீதி என்றால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

இதே ஊர் பேக்கரியில் பன்னை உப்பவைக்கும் ஈஸ்ட்டுக்குள்ளும் பேட்டைகள் உண்டு. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 200 ஈஸ்ட் செல்களை வரிசையாக அடுக்கலாம். அத்தனை சிறிய செல்லுக்குள் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா என்று தனித்தனிப் பகுதிகள். 1996இல் அதன் மரபணுக்கள் முழுவதும் படிக்கப்பட்டன, சுமார் 6,000. அவை உருவாக்கும் புரதங்களின் பட்டியல் கைக்கு வந்தது, பலவற்றின் விலாசம் வரவில்லை. விலாசம் தெரிந்தால் தொழிலைப் பாதி ஊகித்துவிடலாம்.

அந்த விலாசங்களைத் தேடி, சான் பிரான்சிஸ்கோவில் எரின் ஓஷே, ஜோனதன் வைஸ்மன் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் ஒவ்வொரு புரதத்தின் வாலிலும் ஒரு விளக்கைக் கட்டினார்கள். அந்த விளக்கு வந்தது கடலிலிருந்து. ஜெகதாப்பட்டினம் பக்கம் வலையில் ஏறினால் ‘சொறி’ என்று உதறிவிடுவார்களே, அந்த ஜெல்லிமீன் வகை உயிரி. பசிபிக் கடலின் ஓர் இனத்திலிருந்து பச்சையாக ஒளிரும் புரதத்தை ஒசாமு ஷிமோமுரா 1962இல் பிரித்தெடுத்தார். 2008இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

ஈஸ்ட்டைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஓரங்கள் பொருந்தும் டிஎன்ஏ துண்டைக் கொடுத்தால், அதைத் தன் மரபணுவில் சரியான இடத்தில் அதுவே ஒட்டிக்கொள்ளும். ஒரு புரதத்துக்கு ஒரு ஈஸ்ட் வளர்ப்பு என்று ஆயிரக்கணக்கில் உருவாக்கி, ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 2003இல் வந்த முடிவு: 4,156 புரதங்கள், 22 வகை இருப்பிடங்கள். அவர்கள் கணக்கில், மொத்தத்தில் முக்கால் பங்கு.

ஆனால் இதை இறுதி வரைபடம் என்று நினைத்துவிடக் கூடாது. சில புரதங்களுக்கு விலாசமே வாலில்தான் எழுதியிருக்கிறது. பெராக்ஸிசோம் என்ற சிறு பைக்குப் போகும் பல புரதங்கள் அப்படித்தான். அங்கே விளக்கைக் கட்டினால் விலாசம் மறைந்து, புரதம் வழிதவறும். பின்னாளில் இஸ்ரேலின் வைட்ஸ்மன் அறிவியல் நிறுவனத்தில் மாயா ஷுல்டினர் குழு தலைப்பக்கம் விளக்கு கட்டிய ஈஸ்ட் தொகுப்பை உருவாக்கியது இதனால்தான். மேலும், புரதங்கள் ஓரிடத்தில் கிடப்பதில்லை. எம்எஸ்என்2 என்ற புரதம், ஈஸ்ட்டுக்கு நெருக்கடி வந்தால் சில நிமிடங்களில் உட்கருவுக்குள் ஓடிவிடும்.

ஈஸ்ட்டின் விலாசத்தால் நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு: சிறுநீரகத்தில் ஆக்ஸலேட் கற்களைச் சேர்க்கும் அரிய பரம்பரை நோய் ஒன்று உண்டு. அந்த நோயாளிகளில் ஒரு பிரிவினரிடம், கல்லீரலின் பெராக்ஸிசோமில் இருக்க வேண்டிய ஒரு நொதி மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய்விடுகிறது. நொதி வேலை செய்கிறது. இடம்தான் தவறு.