தினமும் கைக்கு 'வெயிட்' போடாதே!
போலீஸ் வேலைக்குத் தயாராகும் வாலிபர்கள் உஷார். வாரம் 2 நாள் போதும்

திருமானூர்:-

கை 'கும்'முன்னு ஆகணும் என்று விடிந்ததும் டம்பெல்லைத் தூக்கும் வாலிபரா? கொஞ்சம் நில்லுங்கள்! தினமும் தூக்கினால் புஜம் பெருக்காது. முழங்கை வலிதான் மிச்சம்.

கொள்ளிடக் கரையில் உள்ள திருமானூர் வட்டாரத்தில் கை பலம் வெறும் அழகுக்கு அல்ல. கரும்பு வெட்டவும் மூட்டை தூக்கவும் கை வேண்டும். போலீஸ் வேலைக்குப் போகிறவருக்கோ கைதான் சோறு போடணும்.

கயிறு காத்திருக்கிறது!

2023-ல் சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் 3 ஆயிரத்து 359 இடங்களுக்கு ஆள் எடுக்க அறிவித்தது. அதில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். அதற்கு அப்புறம் கயிறு. 5 மீட்டர் ஏறினால் ஒரு 'ஸ்டார்', 6 மீட்டர் ஏறினால் 2 'ஸ்டார்'.

அந்த நேரம் பார்த்து முழங்கை பிடித்துக்கொண்டால் படித்த படிப்பும் ஓடிய ஓட்டமும் வீண். அடுத்த அறிவிப்பு வருவதற்குள் வயது தாண்டிவிட்டால் ஆசையே அம்போ!

ஓய்வில்தான் வளரும்

எடை தூக்கும்போது தசை வளர்வதில்லை. தூக்கி முடித்தபின், தின்ற சாப்பாட்டையும் தூங்கிய தூக்கத்தையும் வைத்துத்தான் உடம்பு அதைக் கட்டுகிறது. இந்த வேலை 24 முதல் 48 மணி நேரம் வரை நடக்கும். அதற்குள் மறுபடி 'வெயிட்' போட்டால் பூசாத சுவரை இடித்த கதைதான்.

இன்னொரு சங்கதி. தண்டால் எடுக்கும்போதே மேல்கையின் பின்பக்கத் தசையான 'டிரைசெப்ஸ்' வேலை செய்கிறது. கயிறு ஏறும்போதும் 'புல்-அப்ஸ்' எடுக்கும்போதும் முன்பக்கத் தசையான 'பைசெப்ஸ்' வேலை செய்கிறது. இது தெரியாமல் மறுநாள் தனியாகக் கைக்கு ஒரு நாள் ஒதுக்குவது ஒரே ஆளை இரண்டு ஷிப்ட் வேலை வாங்குவது போல.

மேல்கையில் பெரும்பங்கு டிரைசெப்ஸ்தான். பைசெப்சை மட்டும் முறுக்குகிறவருக்குக் கை பாதிதான் தேறும்.

வார அட்டவணை

திங்கள்: மார்பு, தோள். கடைசியில் டிரைசெப்ஸ்.

செவ்வாய்: முதுகு, கயிறு. கடைசியில் பைசெப்ஸ்.

புதன்: கால், ஓட்டம்.

வியாழன்: திங்கள் போலவே.

வெள்ளி: செவ்வாய் போலவே.

சனி: ஓட்டம் மட்டும்.

ஞாயிறு: முழு ஓய்வு.

இப்படிச் செய்தால் ஒவ்வொரு தசைக்கும் வாரத்தில் 2 முறை வேலை, நடுவில் 2 நாளாவது ஓய்வு. ஒரு தசைக்கு வாரம் ஒரு முறையைவிட 2 முறை வேலை கொடுப்பதே மேல் என்று 2016-ல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பும் சொன்னது.

புதிதாகத் தொடங்குகிறவர் ஒரு நாளைக்குக் கைக்கு மட்டும் 2 அல்லது 3 'செட்' எடுத்தால் போதும். கையை எப்போதும் கடைசியில் வைக்கணும். முதலிலேயே கையைக் களைப்பாக்கினால் கயிறு நழுவும்!

கரும்பு வெட்டும் கணக்குதான்

பகலெல்லாம் கரும்பு வெட்டிவிட்டு, 50 கிலோ சிமெண்டு மூட்டை ஏற்றிவிட்டு வருகிறவர் அந்த நாளையும் கைப் பயிற்சி நாளாகவே கணக்கு வைக்கணும். அன்று மாலை டம்பெல் வேண்டாம். சாப்பிட்டுப் படுப்பதே பயிற்சி.

வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018-லும் தங்கம். அந்த எடையைக் கை மட்டும் தூக்கவில்லை. காலும் முதுகும் சேர்ந்து தூக்கின.

கறுத்த சிறுநீர்: ஆபத்து!

பழக்கமில்லாதவர் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் தூக்கினால் தசை சிதைந்து சிறுநீரகத்தையே பாதிக்கலாம். கை மடக்க முடியாமல் வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் எண்ணெய் தடவிக்கொண்டு உட்காரக்கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

முழங்கையில் சுருக்கென்று வலித்தால் எடையைக் குறைக்கணும். வலி போகாவிட்டால் டாக்டரைப் பார்க்கணும். உடல் தேர்வுக்கு 2 நாள் முன்பே கைப் பயிற்சியை நிறுத்திவிடணும். ஓய்ந்த கைதான் கயிற்றின் உச்சியைத் தொடும்!