உப்புநீர்மேல் மிதக்கும் நன்னீர்

தஞ்சாவூர் கடல்மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து நாகப்பட்டினம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஆக, கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுகூட இல்லை. அதனால்தான் காவிரியின் கிளைகள் மெல்ல ஓடி, மணலையும் வண்டலையும் பரப்பி நெல்வயல்களை உருவாக்கின. அவற்றுள் ஒன்றான வெட்டாறு நாகூர் அருகே கடலில் கலக்கிறது.

கடலோர மணலில் மழைநீரும் பாசன நீரும் இறங்கித் தங்குகின்றன. அடியில் இருப்பதோ உப்புநீர். நன்னீர் அதன்மேல் மிதப்பது எவ்வாறு?

நன்னீரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1 கிராம், கடல்நீருக்கு 1.025 கிராம். 40 மீட்டர் கடல்நீர்த் தூணின் அழுத்தத்தை 41 மீட்டர் நன்னீர்த் தூண் ஈடுசெய்கிறது. அதாவது, மணற்படுகை சீராக இருந்தால், கடல்மட்டத்திற்குமேல் 1 மீட்டர் நிற்கும் நன்னீர், கீழே 40 மீட்டர் வரை உப்புநீரைத் தள்ளிவைக்கும்!

மாணவர்களே, இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். மேட்டூர் அணை வழக்கமாக சூன் 12 அன்று திறக்கப்படும். திறப்பு தள்ளிப்போகும் ஆண்டுகளில் குழாய்க்கிணறுகளில் இறைப்பு மிகுகிறது. நன்னீர் மட்டம் அரை மீட்டர் தாழ்ந்தால், நாளடைவில் உப்புநீர் 20 மீட்டர் மேலேறக்கூடும்! அவ்வாறு ஏறிய உப்பு எளிதில் இறங்காது. ஊர்க்குளத்தைத் தூர்வாரி மழைநீரைத் தேக்குவது ஏன் இன்றியமையாதது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?